சிறு கிழிசலும் பெருஞ்செலவும்

வடபுலத்திற்குப் பிழைக்க வந்த நம் முன்னோர்க்கு ஊர்ப்பயணம் என்றால் இரயில் வண்டி ஒன்றுதான். இன்றோ நம் குடும்பங்களில் பலர், புதியதோ பழையதோ, சொந்தமாக ஒரு கார் வைத்திருக்கின்றனர். கோடை விடுமுறையில் நாகபுரியை விட்டு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால், ஐதராபாத், கர்நூல், பெங்களூரு, சேலம் வழியாக மதுரைக்கும் அதற்கப்பால் கன்னியாகுமரிக்கும் ஒரே சாலையில் சென்றுவிடலாம். புறப்படுமுன் டயரில் காற்றும், எஞ்சினில் எண்ணெயும், ரேடியேட்டரில் நீரும் உள்ளனவா என்று பார்க்கிறோம். ஆனால் முன்சக்கரங்களுக்குப் பின்னே, ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல் மடிப்பு மடிப்பாய் அமைந்திருக்கும் ரப்பர் உறையைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வுறை கிழிந்தால் விளைவது யாது, அதனை நம் வீட்டு முற்றத்திலேயே மாற்றுவது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நான் பொறியியல் கற்றவன் அல்லேன். மெட்ரிக்குலேஷன் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றுபவன். எனினும் எங்கள் இரயில்வே குடியிருப்பில், லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் உள்ளார். அவருடன் கூட நின்று இவ்வேலையை மூன்று வண்டிகளுக்குச் செய்த பழக்கம் எனக்கு உண்டு. அவர் கைத்திறனும் என் குறிப்பேடும் சேர்ந்து உருவானது இக்கட்டுரை.

உறையின் பணி

பழைய அம்பாசிடர் காரில் எஞ்சின் முன்னே இருந்தாலும், வண்டியைத் தள்ளியவை பின்சக்கரங்கள். 1983ஆம் ஆண்டில் வந்த மாருதி 800 அம்முறையை மாற்றியது. அதில் முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. அவ்விரு வண்டிகளின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் இன்று நம்மவர் ஓட்டும் சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை உடையனவே.

இம்முறையில் முன்சக்கரத்திற்கு இரு வேலைகள் உண்டு. அது வண்டியை இழுக்கவும் வேண்டும். திருப்பத்தில் திரும்பவும் வேண்டும். கியர்ப் பெட்டியிலிருந்து சக்கரத்திற்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் எஃகுத் தண்டு, சக்கரம் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போதும் வளைந்து கொடுத்தவாறே சுழல வேண்டியுள்ளது. எஃகு வளையாது, ஆதலால் தண்டின் இரு முனைகளிலும் மூட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. பட்டறைகளில் தண்டினை ‘ஆக்ஸில்’ என்றும், மூட்டினை ‘சி.வி. ஜாயிண்ட்’ என்றும், அதன் மேலுள்ள ரப்பர் உறையை ‘பூட்’ என்றும் கூறுவர். கடையில் ‘ஆக்ஸில் பூட்’ என்று கேட்டால் எவ்வூரிலும் எடுத்துக் கொடுப்பர்.

17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்த சிலுவை மூட்டு ஒன்று உண்டு. அது வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். அதனை மட்டும் முன்சக்கரத்தில் பொருத்தினால் திருப்பந்தோறும் ஸ்டீயரிங் வெட்டி வெட்டி இழுக்கும். இக்குறையைத் தீர்க்க, ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் செப்பா 1920களில் புதியதொரு மூட்டினை அமைத்தார். ஒரு கிண்ணத்தினுள் ஆறு எஃகுக் குண்டுகள், தமக்கென வெட்டப்பட்ட பள்ளங்களில் ஓடுமாறு செய்தார். எந்தக் கோணத்தில் வளைந்தாலும் உட்புகும் வேகமும் வெளிப்படும் வேகமும் ஒன்றாகவே இருக்கும். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் சிறு காரில் இடம்பெற்ற பின் இம்மூட்டு உலகெங்கும் பரவியது. இன்று நம் கார்களில் சக்கரத்தை அடுத்துள்ள மூட்டு பெரும்பாலும் இவ்வகையினதே. கியர்ப் பெட்டியை அடுத்துள்ள மூட்டில், பல வண்டிகளில், மூன்று உருளைகள் கொண்ட முக்கால் அமைப்பு காணப்படும்.

இக்குண்டுகளும் உருளைகளும் கிரீஸில் மூழ்கியவாறே சுழல வேண்டியவை. கிரீஸ் வெளியே சிதறாமலும், தூசியும் நீரும் உள்ளே புகாமலும் காப்பதே ரப்பர் உறையின் பணி. உறை உள்ளவரையில் மூட்டு பல்லாண்டுகள் உழைக்கும். உறை கிழிந்துவிட்டால் சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசி எறியப்படும். மணல் உள்ளே புகுந்து, எஞ்சிய கிரீஸுடன் கலந்து, அரத்தைப் போல் எஃகை அராவத் தொடங்கும்.

கண்டறியும் வகை

ரப்பர் உறை காலத்தால் இறுகும். மே மாதத்தில் 45 பாகை அளவினைத் தொடும் நாகபுரி வெயிலும், சாலைக் கற்களும், ஓயாத மடிப்பும் அதனைத் தளரச் செய்கின்றன. கிழிசல் பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்திலேயே தோன்றும். ஆதலால் வண்டி நேராக நிற்கும்போது பார்த்தால் அது தெரியாமல் மறைந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை ஒருபுறம் முழுதும் திருப்பி நிறுத்தி, டார்ச் விளக்கின் ஒளியில், விரிந்த மடிப்புகளைச் சுற்றிலும் நோக்குதல் வேண்டும். பின்னர் மறுபுறம் திருப்பி மற்றச் சக்கரத்தையும் அவ்வாறே காண்க.

சக்கரத்தின் உட்புறத்திலும் அருகிலுள்ள உறுப்புகளிலும் கரிய கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் வெளிமூட்டின் உறை கிழிந்தது என்று கொள்ளலாம். வளைவில் திரும்பும்போது ‘டக், டக்’ என்று சீராக ஓசை எழுந்தால் குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது என்பது பொருள். நேரே செல்கையில் வேகத்தைக் கூட்டும்போது மட்டும் வண்டி அதிர்ந்தால், உட்புற மூட்டினை ஐயுறுதல் தகும்.

இங்கு நேயர்கள் மனத்தில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்றுண்டு. தெறித்த கிரீஸ் எச்சரிக்கை, ஓசை தீர்ப்பு. கிரீஸைக் கண்ட நாளில் உறையை மாற்றினால் சில நூறு ரூபாயில் முடியும். ஓசையைக் கேட்ட பின்னர் உறையை மாற்றிப் பயனில்லை. மூட்டினையோ முழுத் தண்டினையோ மாற்ற வேண்டும். அதற்குச் சில ஆயிரங்கள் ஆகும்.

எங்கள் குடியிருப்பில் உள்ள நண்பர் ஒருவர் சக்கரத்தில் கிரீஸைக் கண்டும், ஊர் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு மாதங்கள் வாளாவிருந்தார். பின்னர் ஓசையும் கேட்டது. அதனுடனேயே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, தம் தங்கை மகளின் காதணி விழாவிற்குப் புறப்பட்டார். கர்நூலைத் தாண்டியதும் மூட்டு உடைந்தது. ஒருபுற மூட்டு உடைந்தால் மறுபுறச் சக்கரமேனும் இழுக்காதோ என்று வினவலாம். இழுக்காது. கியர்ப் பெட்டியிலுள்ள அமைப்பு, தடையற்ற பக்கத்திற்கே சுழற்சியை விட்டுக்கொடுக்கும். உடைந்த தண்டு வீணே சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் விட்டு, பேருந்து மாறி மாறி அவர்கள் ஊர் சேர்ந்தபோது முகூர்த்தம் கடந்துவிட்டது. தாய்மாமன் மடியில் அமர வேண்டிய குழந்தை வேறொருவர் மடியில் அமர்ந்து காது குத்திக்கொண்டது. செலவான பணத்தை அவர் மறந்துவிட்டார். அதனை இன்னும் மறக்கவில்லை.

வேலைக்கு முன்

முதலில் உங்கள் வண்டிக்குரிய பழுதுநூலைத் தேடிப் பெறுங்கள். மூட்டின் அமைப்பு வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் வெளிமூட்டினை மரச் சுத்தியால் தட்டித் தண்டிலிருந்து கழற்றிவிடலாம். வேறு சிலவற்றில் வெளிமூட்டினைக் கழற்றலாகாது. உள்மூட்டினைப் பிரித்து, வெளியுறையையும் அவ்வழியாகவே செலுத்த வேண்டும். இதனை அறியாது கழற்ற இயலாத மூட்டினை அடித்து உடைத்தவர்களும் உண்டு. இரண்டாவது முறையே சற்று நீண்டது. ஆகவே அதனையே கீழே விரித்துரைக்கிறேன்.

வாங்க வேண்டியவை: உங்கள் வண்டியின் மாடலுக்கும் ஆண்டிற்கும் உரிய உறை, அதற்கான இரும்புப் பட்டைகள், உறையுடன் வரும் கிரீஸ், புதிய சர்க்கிளிப், சக்கரத் தண்டின் புதிய நட்டு. கரிய நிறமுடைய இந்தக் கிரீஸில் மாலிப்டினம் கலந்திருக்கும். பேரிங்கிற்கு இடும் சாதாரணக் கிரீஸை அதற்குப் பதிலாக இடுதல் கூடாது. உள்மூட்டிற்கும் வெளிமூட்டிற்கும் வேறுவேறு கிரீஸ் தந்திருந்தால் அவற்றை மாற்றி இடுதலும் கூடாது. தண்டினைக் கழற்றாமலே சுற்றி ஒட்டிவிடத்தக்க பிளவுபட்ட உறைகளும் கடைகளில் உள்ளன. ஆபத்திற்கு அவை உதவலாம். ஆனால் ஒட்டுமிடத்தில் துளி கிரீஸ் பட்டாலும் பிடிக்காது. உள்ளே புகுந்த மணலைக் கழுவி எடுக்கவும் அவற்றால் வழியில்லை.

கருவிகளாவன: சாக்கெட் ஸ்பானர்கள், சக்கர நட்டிற்குரிய பெரிய சாக்கெட், நீண்ட கைப்பிடி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர், ரப்பர்ச் சுத்தி, சர்க்கிளிப் குறடு, பட்டையை இறுக்கும் குறடு, ஜாக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள். டார்க் ஸ்பானர் இல்லாதோர் அறிமுகமான பட்டறையில் ஒரு நாளைக்கு இரவல் பெறலாம்.

உயிர்க்காப்பு பற்றி ஒரு சொல். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தூக்கிய பின் பழுதுநூல் காட்டும் இடத்தில் இரும்பு ஸ்டாண்டினை நிறுத்தியே வேலை செய்க. செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவோரைக் கண்டிருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இவ்வேலையைத் தனியே செய்யாமல் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் அறிவுடைமை.

செய்யும் முறை

சக்கரம் தரையில் இருக்கும்போதே, நடுவிலுள்ள பெரிய நட்டின் பூட்டினை நிமிர்த்தி, நட்டினைத் தளர்த்துக. மிகுந்த இறுக்கத்துடன் இருக்குமாதலால் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். சக்கர நட்டுகளையும் சற்றே தளர்த்தி, பிறகு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுக.

அடுத்து, சக்கரம் பொருந்தும் கனத்த உறுப்பைக் கீழ்க்கையுடன் இணைக்கும் பால் ஜாயிண்டின் போல்ட்டினைக் கழற்றி, இரண்டையும் பிரித்தல் வேண்டும். நடு நட்டினைத் தண்டின் முனைக்குச் சமமாக வரும்படி விட்டு, ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்டினால் தண்டு உட்புறம் நகரும். நட்டு அங்கே இருப்பதால் தண்டின் மரை கெடாது. பின்னர் நட்டினை நீக்கி, கனத்த உறுப்பை வெளிப்புறமாகச் சாய்த்துத் தண்டினை விடுவிக்கலாம். பிரேக்குக் குழாயும், சக்கர வேகத்தை உணரும் கம்பியும் இழுபடாமல் காத்தல் இன்றியமையாதது.

இனி உள்மூட்டு. அதன் உறையின் பெரிய பட்டையை வெட்டி, உறையைப் பின்னே தள்ளுக. கிண்ணமும் தண்டும் ஒன்றையொன்று பொருந்திய நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொள்க. சில வண்டிகளில் கிண்ணத்தின் வாயில் ஒரு கம்பி வளையம் இருக்கும். அதனை எடுத்ததும் முக்கால் உருளைகளோடு தண்டு வெளியே வந்துவிடும். கிண்ணம் கியர்ப் பெட்டியிலேயே இருக்கட்டும். அதனையும் சேர்த்து இழுத்துவிட்டால் கியர் எண்ணெய் ஒழுகும். அப்படி நேர்ந்தால் ஸீலைப் பரிசோதித்து எண்ணெயை நிரப்பியே வண்டியை எடுக்க வேண்டும்.

தண்டு மேசைக்கு வந்ததும் அவசரம் வேண்டா. முக்கால் அமைப்பின் நிலையையும் எந்தப் பக்கம் வெளியே நோக்கியது என்பதையும் குறித்துக்கொண்டு, சர்க்கிளிப்பை எடுத்து அதனைக் கழற்றுக. பழைய உறைகளை அறுத்து எறிக. வெளியுறை மட்டும் கிழிந்திருப்பினும், இவ்வளவு தூரம் பிரித்தபின் உள்ளுறையையும் புதுப்பித்துவிடுவதே சிக்கனம்.

இப்போது மூட்டினைச் சோதிக்கும் கட்டம். பழைய கிரீஸை விரலிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் நல்லது. நறநறவென்றால் மணல் புகுந்துள்ளது. அண்ணாச்சி இவ்விடத்தில்தான் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். கிரீஸைத் துடைத்து, மூட்டினை எல்லாப் பக்கமும் வளைத்து, ஒவ்வொரு குண்டையும் அதன் பள்ளத்தையும் நோக்குவார். பள்ளத்தில் குழியோ வெடிப்போ கண்டால், “தம்பி, ரப்பர் கிழிந்தால் ரப்பரை மாற்றலாம். இரும்பே கிழிந்துவிட்டது. இதற்குப் புது உறை போடுவது பிணத்திற்குப் பட்டுடுத்துவது போல” என்று கூறி எழுந்துவிடுவார். குறையற்றது எனக் கண்டாலன்றி அவர் மேலே செல்வதில்லை.

கழற்றலாகாத வெளிமூட்டினைத் தூய துணியால் நன்கு துடைத்து எடுத்தல் வேண்டும். பிரிந்த முக்கால் அமைப்பை மண்ணெண்ணெயில் கழுவி முற்றிலும் உலர்த்தலாம். ஆனால் புதிய ரப்பர் உறையில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ படுதல் ஆகாது. அவை ரப்பரைக் கெடுக்கும்.

பொருத்தும்போது தண்டு முனையின் பல்வரிகளைச் சுற்றி ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுக. இல்லையேல் அவை புதிய உறையின் உட்புறத்தைக் கீறிவிடும். முதலில் வெளியுறையை அதன் பெரிய வாய் முன்னே செல்லுமாறு நுழைத்து, வெளிமூட்டு வரையில் கொண்டு செல்க. அதற்குரிய பட்டைகளையும் மறவாது கோத்துக்கொள்க. அதன்பின் உள்ளுறையைச் சிறிய வாய் முன்னே செல்லுமாறு நுழைக்க வேண்டும். பிறகு முக்கால் அமைப்பைக் குறித்த நிலையில் ஏற்றி, புதிய சர்க்கிளிப்பை இடுக. உறையுடன் வந்த கிரீஸ் அளந்து தரப்பட்டதாதலால் முழுவதையும் இடுதல் முறை. ஒரு பகுதியைக் குண்டுகளின் இடையே நன்கு அழுத்திச் செலுத்தி, எஞ்சியதை உறையினுள் இடுவார்கள்.

உறையின் வாய்கள் தத்தம் பள்ளங்களில் பொருந்தியபின், பழுதுநூல் கூறும் நீளத்தில் உறையை நிறுத்தி, சிறிய வாயில் மழுங்கிய குச்சியொன்றை ஒருகணம் செலுத்தி எடுத்தல் நன்று. உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். காற்று அடைபட்டால் உறை பலூன் போல் உப்பும். குறைந்தால் உள்வாங்கி மடிந்து, மீண்டும் கிழியும். அதன்பின் பட்டைகளை இறுக்குக. கையால் திருகினால் உறை சுழலாதிருக்க வேண்டும். ரப்பர் வெட்டுப்படவும் கூடாது.

பிரித்த முறைக்கு மாறாக யாவற்றையும் மீண்டும் பொருத்துக. நடு நட்டினைப் பழுதுநூல் கூறும் விசைக்கு டார்க் ஸ்பானரால் இறுக்கி, முறைப்படி பூட்டுதல் கட்டாயம். பல வண்டிகளில் அந்த இறுக்கமே சக்கர பேரிங்கை உரிய நிலையில் பிடித்து வைக்கிறது. இக்காரணம் பற்றியே, தண்டு கழற்றப்பட்ட நிலையில் சக்கரத்தை மாட்டி வண்டியை உருட்டுவதும் தகாது; பேரிங் பழுதாகும்.

முடித்த பின்

முதலில் குடியிருப்புக்குள்ளேயே மெல்ல ஓட்டி, இருபுறமும் முழுதும் திரும்பிப் பாருங்கள். ஓசை இல்லையெனில் வேலை செம்மையாயிற்று. சில நாள் ஓட்டியபின் மீண்டும் குனிந்து, பட்டைகள் நகர்ந்தனவா, கிரீஸ் கசிந்ததா என்று நோக்குங்கள். முதன்முறை செய்வோர்க்கு ஒரு பகல் முழுதும் ஆகலாம். ஆகவே சனிக்கிழமை தொடங்குங்கள். ஞாயிறு கையில் இருக்கும். ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் இவ்வேலையைத் தொடங்க வேண்டா.

கருவி இல்லாதோரும், உடல் இடந்தராதோரும் இதனைத் தாமே செய்ய வேண்டும் என்பதன்று என் கருத்து. பட்டறையில் கொடுப்பதாயினும் செய்தி தெரிந்திருத்தல் நன்று. மூட்டு நலமாயிருக்க, முழுத் தண்டினையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் கூறினால், “கிரீஸில் மணல் இருக்கிறதா? பள்ளத்தில் குழி விழுந்ததா? காட்டுங்கள்” என்று கேட்கும் துணிவு அதனால் வரும். தொழிலறிந்த நல்ல மெக்கானிக் அக்கேள்விக்கு மகிழ்ந்தே விடை சொல்வார்.

பெரிய நிலையங்களில் இரயில் வந்து நின்றதும், பரிசோதகர்கள் ஒவ்வொரு பெட்டியின் அச்சினையும் குனிந்து நோக்கியவாறே நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆயிரம் பயணிகள் அச்சமின்றி உறங்குவது அக்குனிந்த பார்வையின் பயனே. நம் காரில் நம் குழந்தைகளும் பெரியோர்களும் உறங்குகின்றனர். மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், நெடும்பயணத்திற்கு ஒரு வாரம் முன்பும், டார்ச் விளக்கோடு இரு முன்சக்கரங்களின் பின்னே ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பதை ஒவ்வொரு குடும்பமும் வழக்கமாக்கிக் கொள்ளல் வேண்டும்.